பளியர்: சண்டைக்கு நிற்காத மலைக்குடிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோவில் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். இராஜபாளையம் என்றால் நூற்பாலைகளும் வெள்ளை வேட்டை நாயும். இரண்டு ஊரிலும் மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலையில் மழை பெய்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் அடிவாரத்துக் கண்மாய்களின் கதை நடக்கிறது. ஆனால் அந்த மலையிலேயே பிறந்து, அங்கேயே கிழங்கு தோண்டித் தின்று, அங்கேயே மண்ணில் கலந்த ஒரு சிறு சமுதாயம் உண்டு என்பது ஊர்க்காரர்களில் பலருக்குத் தேன் விற்க வருகிறவர்கள் மூலமாகத்தான் தெரியும். அவர்கள்தான் பளியர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பகுதி, வத்திராயிருப்புக்கு மேற்கே சதுரகிரியின் அடிவாரமான தாணிப்பாறை என்று இந்த வட்டாரத்தில் அவர்களுடைய சிறு குடியிருப்புகள் இருக்கின்றன. மலையின் மறுபக்கம் வருசநாடு, மேகமலை. அதற்கும் வடக்கே பழனி மலை, சிறுமலை. மேற்கே கேரளத்தின் குமுளிப் பக்கம். இவை எல்லாவற்றிலும் பளியர் உண்டு. பேசுவது தமிழ்தான், ஆனால் இழுவையும் சொற்களும் வேறு. 'பழையர்' என்பதுதான் பளியர் ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு. சொல்லாராய்ச்சிக்கு அது நிற்குமோ நிற்காதோ, பொருள் என்னவோ பொருத்தம்தான்.

இவர்களைப் பற்றி எழுத்தில் வந்த பழைய பதிவுகளில் ஒன்று, பழனி மலைப் பளியரைப் பற்றி டாமென் என்ற பாதிரியார் 1908-இல் எழுதிய கட்டுரை. அடுத்த ஆண்டே எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருந்தொகுதி வெளிவந்தது. அதிலும் பளியருக்கு இடம் உண்டு. இந்த இரண்டிலும் வெளியாள் வியப்போடு பார்த்த பார்வையே அதிகம். பளியரோடு நெடுநாள் தங்கி, அவர்கள் எப்படிக் கோபப்படுகிறார்கள், எப்படிச் சமாதானமாகிறார்கள், பிள்ளையை எப்படி வளர்க்கிறார்கள் என்றெல்லாம் பொறுமையாகக் கவனித்தவர் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர். 1962 முதல் 1964 வரை இந்தத் தென்மலைகளில் அவர் ஆய்வு செய்தார். 1978-இல் மறுபடியும் வந்தார். பளியரின் அன்றாட வாழ்க்கை பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவர் எழுதியதுதான்.

கிழங்கும் தேனும்

காட்டில் வாழ்ந்த காலத்துப் பளியரின் சோறு கிழங்கு. காட்டு வள்ளிக்கிழங்கில் பல வகை உண்டு. கொடியைப் பார்த்தே அடியில் என்ன கிழங்கு, எவ்வளவு ஆழத்தில், இப்போது தோண்டலாமா இன்னும் பொறுக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவார்கள். கருவி என்று பார்த்தால் ஒரு தோண்டுகோல், ஓர் அரிவாள், ஒரு கூடை. ஆணும் தோண்டுவார், பெண்ணும் தோண்டுவார். இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை என்ற பிரிவினை கீழே சமவெளியில் இருந்த அளவுக்கு மேலே கிடையாது.

வள்ளி என்ற பெயரைச் சொன்னாலே தமிழருக்கு முருகன் நினைவு வரும். கிழங்கு அகழ்ந்த குழியில் வேடர்கள் கண்டெடுத்த குழந்தை என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். மலையடிவாரத்து ஊரிலோ துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை ஆண்டாள். ஒருத்தி நந்தவனத்து மண்ணில், ஒருத்தி கிழங்குக் குழியில்! தோட்டக்காரர் நாட்டுக்கும் தோண்டித் தின்பவர் நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரு கதைகளே காட்டிவிடுகின்றன.

தோண்டிய கிழங்கு தோண்டிய வீட்டுக்கே. அதைப் பக்கத்து வீட்டுக்குப் பங்கு வைக்கும் கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டாரும் எதிர்பார்க்கமாட்டார்கள், அவர்களுக்கும் கை இருக்கிறது, கோல் இருக்கிறது. ஆனால் பன்றி போன்ற பெரிய விலங்கு வேட்டையில் கிடைத்தால் கதை வேறு. கறியைக் கூறு போட்டு, ஒரு கூறு மற்றதைவிடக் கூடாமல் குறையாமல் பார்த்துப் பார்த்துச் சமன் செய்து பிரிப்பார்கள். யார் முதலில் கண்டது, யார் குத்தியது என்பதற்கெல்லாம் கூடுதல் பங்கு கிடையாது. சமவெளிக் கிராமத்தில் களத்து மேட்டில் நெல் அளக்கும்போது யார் யாருக்கு எத்தனை மரக்கால் என்று சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி அளவு மாறிய அதே காலத்தில், பத்து மைல் தள்ளி மலைமேல் கூறுகள் இப்படிச் சமமாக விழுந்தன.

தேனுக்கு வருவோம். மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று தேன் பல வகை. கொம்புத்தேன் புதர்க் கிளைகளில் சிறிய அடையாகத் தொங்கும்; சிறுவர்களே எடுத்துவிடுவார்கள். பொந்துத்தேன் மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காக இருக்கும். கொசுத்தேன் மிகக் கொஞ்சமாகக் கிடைக்கும், மருந்துக்கென்றே வைத்துக்கொள்வார்கள். இவற்றில் உயிரைப் பணயம் வைக்க வேண்டியது மலைத்தேனுக்குத்தான். பெருந்தேனீக்கள் செங்குத்தான பாறையின் நெற்றியில், மனிதக் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் அடை கட்டும். கோடையில், இருட்டில், காட்டுக் கொடிகளைப் பின்னிய கயிற்றைப் பாறை உச்சியில் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒருவர் இறங்குவார். கையில் புகையும் பந்தம். ஈக்கள் விலகியதும் அடையை அறுத்துக் கூடையிலோ பாத்திரத்திலோ இறக்குவார்.

மேலே கயிற்றைக் காப்பது யார்? தென்னிந்தியாவில் தேன் எடுக்கும் மலைக்குடிகள் பலரிடம் ஒரு வழக்கு சொல்லப்படுகிறது: கயிற்றைக் காக்க மனைவியின் உடன்பிறந்தானைத்தான் நிறுத்த வேண்டும் என்பது. சொந்தத் தம்பிக்குக்கூட ஏதாவது மனத்தாங்கல் இருக்கலாம். ஆனால் எந்த மச்சானும் தன் அக்காள் தாலியறுக்கச் சம்மதிக்கமாட்டான். காப்பீட்டு நிறுவனங்கள் வருவதற்கு முன்பு மனிதர்கள் கண்டுபிடித்த காப்பீடுகளில் இது மிகச் சிறந்தது என்றே சொல்லலாம்.

உலகின் இன்னொரு மூலையிலும் இதே போல் கயிற்றில் தொங்கி வாழ்ந்த ஒரு சிறு சமுதாயம் இருந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். அந்தத் தீவு மக்கள் கடலை விட அதிகமாகக் கடற்பறவைகளை நம்பியவர்கள். கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்தார்கள். ஒரு நல்ல கயிறு குடும்பச் சொத்தாகக் கருதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தவிர நாள்தோறும் காலையில் தெருவில் ஆண்கள் கூடி அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது. வெளியிலிருந்து வந்தவர்கள் அதற்கு வேடிக்கையாகப் பாராளுமன்றம் என்று பெயர் வைத்தார்கள். செயின்ட் கில்டாவின் முடிவும் பளியர் கதைக்குத் தேவைப்படும் என்பதால் பிறகு பார்க்கலாம்.

சிரிப்பாணிப் பூ

பளியரின் வழக்கங்களிலேயே கார்ட்னரை மிகவும் வியக்க வைத்தது அவர்கள் சண்டையைக் கையாண்ட விதம். சண்டையைக் கையாண்டார்கள் என்பதைவிடச் சண்டைக்கு நிற்கவில்லை என்பதே சரி.

ஒருவரை 'தரக்குறைவாக' நடத்தக் கூடாது என்பதே பளியரின் தலையாய ஒழுக்கம். தரக்குறைவு என்றால் அடிப்பதும் வைவதும் மட்டுமல்ல. கட்டளை இடுவது, மற்றவர் விஷயத்தில் தலையிடுவது, அவரைவிட நான் மேல் என்று காட்டிக்கொள்வது, அவரோடு போட்டி போடுவது எல்லாமே தரக்குறைவுதான். கணவன் மனைவிக்கு உத்தரவு போட முடியாது. மனைவியும் அப்படியே. பெற்றோர் பிள்ளையை அடிப்பது பெருந்தவறு. சிறு குழந்தையை இரண்டு வயது வரை தாய் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்ப்பாள். பால் மறந்த பிறகு அந்தக் குழந்தை அழுது புரண்டாலும் பெரியவர்கள் அதட்டமாட்டார்கள், ஓடி வந்து கொஞ்சவும் மாட்டார்கள். கோபத்தால் காரியம் ஆகாது என்பதைக் குழந்தை தானாகவே தெரிந்துகொள்ளும். பத்து வயதைத் தாண்டும்போது தனக்கு வேண்டியதைத் தானே தேடிச் சமைத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிடும்.

இவ்வளவுக்கு மேலும் கோபம் வந்துவிட்டால்? மனிதர்கள்தானே, வரத்தான் செய்யும். முதல் வழி, எழுந்து போய்விடுவது. தவறு யார் பக்கம் என்று பார்ப்பதில்லை. கோபம் வந்தவர் கொஞ்ச நேரம் காட்டுக்குள் போய்விட்டு வருவார். பெரிய மனத்தாங்கல் என்றால் தன் பானை சட்டியை எடுத்துக்கொண்டு வேறு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்வார். இருபது முப்பது பேர் கொண்ட கூட்டங்கள்தான், இருப்பதோ புல் வேய்ந்த குடிசை அல்லது பாறைப் புடவு. விட்டுவிட்டுப் போவதற்கு வீடு வாசல் என்ற கவலை இல்லை. இரண்டாவது வழி, வேடிக்கை பேசத் தெரிந்த ஒருவர் நடுவில் புகுந்து இருவரையும் சிரிக்க வைத்துவிடுவது. அவர் நாட்டாமை இல்லை. தீர்ப்புச் சொல்லமாட்டார். பேச்சை மாற்றுவார், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி ஒரு பூ. சிரிப்பாணிப் பூ என்று அதற்குப் பெயர். சிரிப்பாணி என்றால் சிரிப்பு என்பதைத் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோபம் அடங்காதபோது அந்தப் பூவைக் கசக்கி நெற்றியில் தேய்த்துக்கொள்வார்கள். பூவில் என்ன மருந்து இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். 'எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அதை நான் அடக்கப் பார்க்கிறேன்' என்று வாய் திறக்காமல் எல்லோருக்கும் சொல்லும் வழி அது. எதிராளிக்கு அதற்கு மேல் என்ன சமாதானம் வேண்டும்?

இல்லறத்திலும் இதே விதிதான். காட்டுப் பளியர் திருமணத்தில் சடங்கு பெரும்பாலும் இல்லை. இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினால் கணவன் மனைவி. ஒத்துவராவிட்டால் இருவரில் எவரும் விலகலாம். பஞ்சாயத்து இல்லை, தீர்வைப் பணம் இல்லை. வயது வித்தியாசத்தையும் பெரிதாகப் பார்ப்பதில்லை, பெண் மூத்தவளாக இருந்தாலும் சரி. இதைக் கேட்டுச் சமவெளிக்காரர்கள் முகம் சுளித்ததுண்டு. ஆனால் வரதட்சணைக் கொடுமை, பெண்ணடிமை என்று கீழே நடந்த எதுவும் அங்கே இல்லாததைக் கவனித்தவர்கள் குறைவு.

தெய்வ வழிபாடும் ஆடம்பரமற்றது. மரத்தடியில் நட்ட கல்தான் கோவில். பளிச்சியம்மன் அவர்களுக்கு முக்கியமான தெய்வம். நோய் நொடி வந்தால், வழி தெரியாவிட்டால் சாமியாடியின் மேல் தெய்வத்தை வரவழைத்துக் கேட்பார்கள். தெய்வத்தோடு பேசும் அந்தச் சாமியாடிக்கும் மற்ற நாட்களில் தனி மரியாதை எதுவும் கிடையாது.

அறிவு விஷயத்திலும் இந்த ஒதுங்கும் குணம் வேலை செய்தது. ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். யாருடையது சரி என்று விவாதம் நடக்காது. அவரவர் அனுபவத்தில் அறிந்தது அவரவர்க்கு. குருகுலம், ஓதுதல், மனப்பாடம் என்று அறிவைக் கோவையாகக் கைமாற்றும் பழக்கமே இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய பளியர் மிகக் குறைவாகவே பேசுவார் என்றும், ஓயாமல் பேசுபவரை அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்றும் கார்ட்னர் எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் ஏன் இப்படி? 1966-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் கார்ட்னர் ஒரு விடை சொன்னார். சமவெளியின் வலியவர்களிடம் இடிபட்டு, எதிர்த்து நிற்க முடியாமல், மலைக்குள் பின்வாங்கிப் பின்வாங்கியே இந்தக் குணம் உருவானது என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அவரே அந்த விடையை அப்படியே ஏற்கவில்லை. காட்டு வாழ்க்கையைத் தெரிந்து விரும்பித் தேர்ந்துகொண்ட சமுதாயமாகவும் பளியரைப் பார்க்க வேண்டும் என்ற பக்கம் நகர்ந்தார். பிரையன் மோரிஸ் என்ற ஆய்வாளர் கேரளத்து மலைப்பண்டாரங்களிடம் இதே போன்ற வாழ்க்கையைக் கண்டு 1982-இல் நூல் எழுதினார். தென்கிழக்கு ஆசிய மலைகளைப் பற்றி 2009-இல் எழுதிய ஜேம்ஸ் ஸ்காட், அரசிடமிருந்து தப்புவதற்கென்றே மலையேறிய மக்கள் உண்டு என்று வாதிட்டார். பளியர் விஷயத்தில் இரண்டில் எது உண்மை என்று அறுதியிட வேண்டிய தேவை இல்லை. அடிபட்டு ஓடியவரும் சரி, அமைதி நாடிப் போனவரும் சரி, போவதற்கு இடம் இருந்தது என்பதுதான் முக்கியம்.

இரண்டு முகம்

காட்டுக்குள் ஒருவிதமாகவும் ஊருக்கு வந்தால் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளப் பளியர் கற்றிருந்தார்கள். அடிவாரத்தில் தோட்ட வேலைக்கோ, காட்டுப் பொருள் குத்தகைக்காரரிடம் வேலைக்கோ வந்து தங்கும்போது தாலி கட்டுவார்கள், மஞ்சள் பூசுவார்கள், கைகட்டி 'சாமி' என்பார்கள். தங்களுக்கும் ஒரு தலைவர் உண்டு என்று காட்டுவார்கள். மலையேறியதும் அந்தத் தலைவர் சாதாரண ஆளாகிவிடுவார்! உண்மையில் 'தலைவர்' என்ற பதவியே வெளியாட்களின் வசதிக்கு உண்டானது. பேரம் பேசவும், கணக்குக் கேட்கவும், குற்றம் சொல்லவும் குத்தகைக்காரருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

கடுக்காய், நெல்லி, சீயக்காய், குங்கிலியம், தேன் என்று காட்டில் கிடைக்கும் சிறு பொருட்களைச் சேகரிக்கும் உரிமை ஏலத்தில் போகும். எடுத்த குத்தகைக்காரர் பளியருக்கு அரிசியும் துணியும் முன்பணமாகக் கொடுப்பார். காடு முழுக்கத் தெரிந்தவர் பளியர். விலை தெரிந்தவர் குத்தகைக்காரர். யார் கணக்கு எப்போதும் பாக்கியில் நின்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. எதிர்த்துக் கேட்பது தரக்குறைவு என்று வளர்ந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஒரு நாள் இரவோடு இரவாக எழுந்து மலைக்குள் போய்விடுவார்கள். அதுவும் சிரிப்பாணிப் பூவைப் போல ஒரு பதில்தான். குத்தகைக்காரர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றும் நன்றிகெட்டத்தனம் என்றும் சொன்னார்கள்.

அடைபட்ட வழி

விலகிப் போகிறவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: விலகிப் போக ஒரு இடம். கடந்த 150 ஆண்டு வரலாறு அந்த இடம் சுருங்கிய வரலாறு.

1882-இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. காடு அரசின் ஒதுக்குக் காடாயிற்று; அதில் வாழ்வதும் தோண்டுவதும் எடுப்பதும் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய காரியங்கள் ஆயின. இந்த வட்டாரத்து மலைகளில் ஒரு பகுதி சேத்தூர் போன்ற ஜமீன்களிடம் இருந்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அந்தக் காடுகளின் நிலையும் மாறியது. மலையுச்சிகளில் ஏலம், தேயிலைத் தோட்டங்கள் வந்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டைக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் அந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது ஐந்தாவது.

அணிலும் புலியும் காப்பாற்றப்பட வேண்டியவைதான், அதில் மறுப்பில்லை. அந்த மலைக்காடு அழிந்தால் வைகைக்கும் நீர் இல்லை, அடிவாரத்துக் கண்மாய்களுக்கும் நீர் இல்லை. ஆனால் இந்த ஒவ்வொரு அறிவிப்பின்போதும் பளியர் இன்னொரு அடி கீழே இறங்கினார்கள். இப்போது பெரும்பாலும் அடிவாரத்தில் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். மாந்தோப்பு, தென்னந்தோப்புகளில் கூலி வேலை. பருவத்தில் தேன், கிழங்கு. தாணிப்பாறையில் அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறும் பக்தர்களின் சுமையைத் தூக்குவதும் நடக்க முடியாதவர்களை டோலியில் சுமப்பதும் சிலருக்குப் பிழைப்பாயின. தங்கள் மலையில் தாங்களே சுமைகூலிகள்!

அதோடு பெயர்ச் சிக்கல் வேறு. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலைப் பார்த்தால் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்து வழியாகப் போய்த் திரும்பிய பெயர்கள். மூன்று முறை எழுதியும் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் 'பளியர்' என்ற வடிவம் அதில் இல்லை. மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் தனிச் சலுகைக்கு உரியவர்களாக அறிவிக்கப்பட்டவை ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். அதிலும் பளியர் இல்லை. கேட்டு வாங்கத் தெரிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்குமோ என்னவோ.

செயின்ட் கில்டா மக்களுக்கு நேர்ந்தது வேறு. நோயும் இளைஞர் வெளியேற்றமும் அந்தச் சமுதாயத்தைக் கரைத்தன. மிஞ்சியவர்கள் தாங்களே அரசுக்கு மனு எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் கப்பலேறினார்கள். இன்று அந்தத் தீவு உலகப் பாரம்பரியச் சின்னம். வெறும் கல்வீடுகளைப் பார்க்கப் பயணிகள் போகிறார்கள். பறவைக்குத் தீவு, புலிக்கு மலை. செயின்ட் கில்டாவாசிகள் போகக் கேட்டார்கள்; பளியர் எதையும் கேட்கவில்லை. கேட்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

ஆனால் இப்போது கேட்டாக வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. 2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை உண்டு. தேன், கிழங்கு முதலான சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு. குத்தகைக்காரருக்கு அங்கே வேலை இல்லை. சரணாலயத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். தமிழ்நாட்டில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டால் பட்டா கொடுப்பது நின்றுபோய், 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வழி திறந்தது. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின.

சட்டம் நல்ல சட்டம்தான். அதன் நடைமுறையைப் பார்த்தால்தான் பளியர் குடியிருப்பில் உட்கார்ந்து அதை யோசிக்கத் தோன்றும். கிராம சபை கூட வேண்டும். வன உரிமைக் குழு என்று பத்து முதல் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் குழு தனக்கு ஒரு தலைவரையும் ஒரு செயலாளரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உரிமை கோருபவர் படிவத்தில் தன் பெயரில் கோர வேண்டும். எல்லை காட்ட வேண்டும். பக்கத்து நிலத்தோடு தகராறு இருந்தால் சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு ஆதாரம் வைக்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்து வாதாட வேண்டும். ஆக, நிலத்தை ஒருபோதும் கோடு கிழித்துப் பிரிக்காதவர்கள், தலைவர் இல்லாமலே வாழ்ந்தவர்கள், என்னுடையது என்று உரக்கச் சொல்வதைத் தரக்குறைவு என்று எண்ணியவர்கள், உரக்கச் சொன்னால்தான் உண்டு.

பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், மனு எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குடியிருப்புகளில் வளர்கிற இந்தத் தலைமுறைக்குச் சமவெளிக்காரரோடு சரிக்குச் சரி பேசுவதில் தாத்தாவின் தயக்கம் இல்லை. காகிதம் எதுவும் கையில் இல்லாதவர்களுக்கும் ஒரு விதியில் இடம் இருக்கிறது. உரிமை கோருபவர் அல்லாத முதியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்தால் அதுவும் ஓர் ஆதாரமாக ஏற்கப்படும். எந்தப் பாறையில் தேன் எடுத்தோம், எந்தப் புடவில் மழைக்குத் தங்கினோம், எந்தக் கல்லில் பளிச்சிக்குப் பொங்கல் வைத்தோம் என்று சொல்லக் கூடியவர்கள் அந்த முதியவர்கள் மட்டுமே. நாற்பது வயதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டவர்களிடம் போய், பேரப்பிள்ளைகள் தாளும் பேனாவுமாக உட்கார வேண்டியிருக்கிறது.